மஞ்சள் போன வழி

கஜா புயலுக்கு மறுவருஷம், ஆடிக் கடைசி வெள்ளியன்று நீர்வாய்க் குகைக்குள் ஊற்றிய மஞ்சள் ஊருணியில் வரவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் அது பெரியவீட்டுக் கணபதியின் மூத்திரத்தில் வந்தது. சுக்காம்பாறையில் இன்றைக்கு இதை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் அதற்கப்புறம் நடந்த எதையும் சொல்ல முடியாமல் போய்விடும்.

சுக்காம்பாறை இலுப்பூர்ப் பக்கத்து ஊர். சுற்றுவட்டாரம் முழுக்கக் கருங்கல்லும் செம்புறாங்கல்லுமாகக் கிடக்க, இந்த ஊருக்கு அடியில் மட்டும் என்ன காரணத்தாலோ வெள்ளைச் சுக்கான் கல் படுத்திருந்தது. சுக்கான் தண்ணீரில் கரையும். மழைத் தண்ணீர் யுக யுகமாக அதைக் கரைத்து உள்ளே அறையும் கூடமும் நடையுமாகத் தனக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டது. மேலே மனுஷன் ஓலைக்குடிசையில் கிடந்த காலத்திலேயே கீழே தண்ணீர் மாளிகையில் இருந்தது. ஊருக்கு மேற்கே வெள்ளைக்கரடு. அதன் அடிவயிற்றில், படுத்து ஊர்ந்துதான் நுழைய முடிகிற நீர்வாய்க் குகை. அதற்குள் போகிற தண்ணீர் ஊருக்கு அடியிலேயே நடந்து கிழக்கே ஊருணியில் ஏறும். அதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான் மஞ்சள் விடுகிற வழக்கம் வந்தது. வேப்பங்கொழுந்தும் பச்சைக் கற்பூரமும் சேர்த்து அரைத்த விரலி மஞ்சளைக் குடத்தில் கரைத்து நீர்வாய்க்குள் ஊற்றினால், மறுநாள் ஊருணியின் ஈசானி மூலையில் மஞ்சளாகக் குமிழ் விடும். குகைச் சாமி நீர்வாய்க்காரி வந்துவிட்டாள் என்று குலவை போட்டு முதல் குடம் எடுப்பார்கள். குகைக்குள் வௌவால் புழுக்கை முழங்கால் மட்டும் கிடக்கும், பாம்பு கிடக்கும், மூச்சு முட்டும். ஆகையால் உள்ளே போய் ஊற்றுகிற உரிமையை முன்னோர்கள் பெரிய மனசோடு காலனிப் பெண்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். முதல் குடம் எடுப்பது பெரியவீட்டு உரிமை. உள்ளே போகக் காலனி, வெளியே எடுக்க ஊர். அந்த ஊருணியில் காலனிக் குடம் எந்தக் காலத்திலும் இறங்கியதில்லை.

அந்த வருஷம் உள்ளே போனவள் அன்புச்செல்வி. ஒல்லி உடம்பு, பயம் கிடையாது, வாய் ஜாஸ்தி. புருஷன் நாகராசு போர் வண்டியில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் சத்தீஸ்கரிலோ ராஜஸ்தானிலோ யாருடைய தரையிலாவது ஓட்டை போட்டுக்கொண்டிருப்பான். ஒரே பிள்ளை இளமதி, அப்போது இடுப்பில் இருக்கிற வயசு. அவள் ஒரு தண்ணிப் பைத்தியம். அண்ணாந்து குடிக்க வராது. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்துவிட்டு, "இன்னும்" என்பாள். எச்சில் பண்ணிக் குடிக்கிற பிள்ளைக்கு நாளைக்கு எவன் வீட்டில் தண்ணீர் கொடுப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் சடைத்துக்கொள்வார்கள். அண்ணாந்து குடிக்கிறவளுக்கு மட்டும் எவன் கொடுத்தான் என்று அன்புச்செல்வி திருப்பிக் கேட்பாள்.

குகைக்குள் ஊற்றும்போதே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மஞ்சள் விழுந்ததும் கீழே எங்கோ பசுமாடு தண்ணீர் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருவது வழக்கம். அன்றைக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது. வெளியே வந்து தலையில் ஒட்டிய புழுக்கையைத் தட்டிக்கொண்டே, "கீழ யாரோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறாங்க" என்றாள்.

யார் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்கரடு ஒரு காலத்தில் திருமயம் பக்கத்துச் செட்டியார் குடும்பம் ஒன்றின் சொத்து. கண்ணாடி மாதிரி மின்னுகிற அவர்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு இந்தக் கரட்டில் காளவாய் போட்டுச் சுட்டதுதான். பிறகு அந்தக் குடும்பம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டது. பேரப்பிள்ளைகளுக்குக் கரடு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது, கேட்டவருக்கு விற்றார்கள். கேட்டவர் கணபதி. அவர் கரட்டை வெடி வைத்து உடைத்து மாவாக்கி அனுப்பினார். கோழித்தீவனத்துக்கும் பெயிண்டுக்கும் கோலப்பொடிக்கும் அது போனது. வெடி வைக்கும்போது ஊரில் சோற்றுத்தட்டு நகரும். பிள்ளைகள் தட்டைக் காலால் அணைத்துக்கொண்டு சாப்பிடப் பழகினார்கள். கரட்டின் அடிவாரம் முழுக்கத் தைலமரம் நட்டார். போர் போட்டார். ஒன்று வற்றினால் அடுத்ததை இன்னும் ஆழமாகப் போட்டு, கடைசியாகத் தன் வீட்டுக் கொல்லையில் இறக்கியது ஆயிரம் அடியைத் தாண்டியது. அந்தத் தண்ணீர் லாரி ஏறி இலுப்பூர்க் கல்யாண மண்டபங்களுக்கும் ஓட்டல்களுக்கும் போனது. ஊருணி வற்றி, பையன்கள் அதில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். கிணறுகள் வற்றின. தண்ணீர் காலி செய்துவிட்டுப் போன மாளிகை கீழே வெறுமனே கிடந்ததால், மேலத்தெருவில் பேசியது கீழத்தெருக் கிணற்றில் கேட்க ஆரம்பித்தது. மாமியாரைத் திட்ட நினைத்தவர்கள் கிணற்றடியை விட்டு ரொம்பத் தள்ளிப்போய்த் திட்டினார்கள். இதையெல்லாம் ஊர் ஒரு தொந்தரவாகப் பார்த்ததே தவிர, அதிசயமாகப் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை கணபதி கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்து பெண்டாட்டி சின்னப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார். காமாலை என்று அவள் மாரில் அடித்துக்கொண்டாள். வைத்தியர் சிவசாமி கீழாநெல்லியோடு வந்தார். கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், இரண்டும் வெள்ளையாகத்தான் இருந்தன. கண்ணாடி டம்ளரில் பிடித்துவரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்குப் பக்கம் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது காமாலை இல்லத்தா. விரலி மஞ்சள். கற்பூர வாடைகூட வருது."

"என்னங்க சொல்றீங்க? அவரு என்ன மனுசனா, ரசமா?"

காலனிக்கு ஆள் போனது. அன்புச்செல்வியைக் கூட்டிவந்து கொல்லை வேலிக்கு வெளியே நிறுத்தினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் காலனி ஆட்கள் வருவதில்லை. சின்னப்பிள்ளை டம்ளரை வேலிக்கு மேலாக நீட்டி, "மோந்து பாரு புள்ள" என்றாள். பெரியவீட்டிலிருந்து தன் கைக்கு வருகிற முதல் டம்ளர் இதுதான் என்று அன்புச்செல்வி நினைத்துக்கொண்டாள். முகர்ந்தாள்.

"நான் அரைச்சதுதான். கொழுந்து கொஞ்சம் தூக்கலாப் போச்சுன்னு அப்பவே நெனச்சேன்."

ஊர்க்கூட்டம் போட்டுப் பேசினார்கள். நீர்வாய்க்காரி வழியை மாற்றிக்கொண்டு கணபதிக்குள் இறங்கிவிட்டாள் என்று முடிவானது. இனிமேல் முதல் குடம் அவர் வீட்டு மோட்டார்க் குழாயில் பிடிக்கலாம் என்றும் முடிவானது. அதற்கு முந்தின நாள் வரைக்கும் அந்த மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் பஸ் ஸ்டாப்பில் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கணபதியும் மஞ்சள் வேட்டிக்கு மாறினார். அன்றிலிருந்து அவருக்குத் தாகம் நின்றுபோனது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் வருஷக்கணக்கில் நடமாடினார். திருச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் கிட்னி பிரமாதம் என்றார்கள். ஒவ்வொரு ஆடியிலும் அன்புச்செல்வி குகைக்குள் ஊர்ந்து போய் ஊற்றினாள், மறுநாள் காலையில் பெரியவீட்டில் குலவைச் சத்தம் கேட்டது. கொரோனா வருஷத்தில்கூட முகக்கவசம் போட்டுக்கொண்டு குலவை போட்டார்கள்.

அந்தக் கொரோனாவில் மண்டபங்களைப் பூட்டியதால் தண்ணீர் லாரி நின்றது. கணபதியின் மகன் வசந்தகுமார் இன்ஜினியரிங் படித்தவன். சும்மா உட்கார வராது. செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற லாரி ஒன்று வாங்கினான். இலுப்பூரிலும் அக்கம்பக்கத்திலும் நல்ல கிராக்கி. உறிஞ்சியதைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டிய இடம் தூரத்தில் இருந்தது. இரண்டு மூன்று வருஷம் அங்கே போய்க் கொட்டிப் பார்த்தவனுக்கு டீசல் கட்டுபடியாகவில்லை. தைலமரக் காட்டுக்குள் அவர்களுடைய காய்ந்த போர் ஒன்று வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. லாரியின் குழாயை அதற்குள் விட்டு வால்வைத் திறக்கச் சொன்னான்.

டிரைவர் மலையாண்டி தயங்கினார். "தம்பி, இது எங்கிட்டுப் போகும்?"

"கீழ போகும்ணே."

"கீழன்னா?"

"கீழன்னா கீழதான். ஆயிரம் அடி. அப்படியே சுத்தி வந்தாலும் அப்பாவுக்குள்ளதான வரணும்? மஞ்சளுக்கு வழி விட்ட ஆத்தா இதுக்கு விட்டுருவாளாக்கும். வடிகட்டிருவா."

இப்படி ஒரு தப்பைச் செய்ய சுக்காம்பாறைக்காரனாகப் பிறந்திருக்க வேண்டும். சாமி தன் வீட்டுக் குழாயில் குடியிருக்கிறாள் என்று நம்பினான், அவளுக்கு மேலேயே மலத்தைக் கொட்டினான், அவள் சலித்துக் கொடுப்பாள் என்றும் நம்பினான். தைலமரக் காட்டுக்கும் பெரியவீட்டுக்கும் நடுவில் காலனி இருப்பது அவன் ஞாபகத்தில் இல்லை. ஞாபகம் வந்திருந்தாலும் வால்வைத் திறந்துதான் இருப்பான்.

சுக்கானுக்குள் தண்ணீர் மண்ணில் போகிற மாதிரி சொட்டுச் சொட்டாக வடிந்து போகாது. தார் ரோட்டில் பஸ் போகிற மாதிரி போகும். பெரியவீட்டு மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, லாரி மறுபக்கம் ஊற்ற, நடுவில் காலனியின் அடிபம்பு நின்றது. முதலில் பம்புத் தண்ணீரில் சோப்பு நுரைத்தது. பிறகு வாடை வந்தது. மனு கொடுத்தார்கள், பைப் துருவாக இருக்கும் என்று பதில் வந்தது. பம்பை விட்டால் வேறு தண்ணீர் இல்லாததால் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். ஆனி மாதத்தில் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்தன. வீட்டுக்கு ஒருவருக்குக் கண் மஞ்சளானது. பெரியவீட்டில் இல்லாத காமாலை காலனியில் இருந்தது. இளமதி அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வாசலிலேயே வீசிவிட்டு, "அம்மா, தண்ணி" என்று கத்துகிற பிள்ளை, ஒருநாள் பையைக் கழற்றாமலே படுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் ரெப்பையை இழுத்துப் பார்த்து, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுக்கச் சொன்னார்.

அன்புச்செல்விக்கு அந்த வாரம் தைலமரக் காட்டில் பட்டை உரிக்கிற வேலை. பட்டப்பகலில் லாரி வந்தது. மலையாண்டி முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு குழாயைக் காய்ந்த போருக்குள் விட்டதையும், லாரியின் வயிறு குலுங்கி இறங்கியதையும் அவள் உரித்த பட்டையைக் கையில் பிடித்தபடி நின்று பார்த்தாள். லாரி போன பிறகு கிட்டப்போய்க் காது வைத்துக் கேட்டாள். குகைக்குள் கேட்டுப் பழகிய சத்தம்தான். வீட்டுக்குப் போய், ஆடிக்கு என்று வாங்கி வைத்திருந்த மஞ்சள் முழுவதையும் அரைத்தாள். வேப்பங்கொழுந்து போட்டாள், கற்பூரம் போட்டாள். ஈக்கள் மொய்க்கிற போர் வாய்க்குள் குடத்தைக் கவிழ்த்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் காலனிப் பெண்கள் பம்பைச் சுற்றி நிற்க, அவளே கைப்பிடியை அடித்தாள். ஏழெட்டு அடிக்குத் தண்ணீர் தண்ணீராகவே வந்தது. பிறகு மஞ்சளாகக் கொட்டியது. கற்பூரம் மணத்தது. யாரும் குலவை போடவில்லை.

ஊரே போன் போட்டு, ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். பம்பைப் பூட்டிச் சிவப்புப் பெயிண்டில் குறுக்குக்கோடு போட்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார்.

"மஞ்சளை யாரும்மா ஊத்துனது?"

"நான்தான் சார்."

"எதுக்கு ஊத்துனே?"

"மஞ்சள் கண்ணுக்குத் தெரியும்ல சார். அதுகூடவே என்ன வருதுன்னு ஒங்களுக்குத் தெரியட்டும்னுதான்."

"அதுக்கெல்லாம் ரிப்போர்ட் வரணும். நீ ஊத்துனது இப்பவே தெரியுதுல்ல?"

ரிப்போர்ட் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. பொதுக் குடிநீர் ஆதாரத்தில் அந்நியப் பொருள் கலந்ததாக அன்புச்செல்வி மேல் வழக்கு வந்தது. அந்த விவகாரத்தில் மொத்தம் ஒரே ஒரு ஆள் மேல்தான் வழக்கு. லாரி மறுநாளும் தைலமரக் காட்டுக்குள் போய்விட்டுத் திரும்பியது. காலனிக்காரர்கள் மறித்தபோது, புகாருக்கு ஆதாரம் இல்லை, மறிப்பதற்குச் சட்டம் இருக்கிறது என்று சொல்லிக் கலைத்தார்கள். அந்த வருஷம் ஆடியில் அவள் குகைக்குள் போகவில்லை. பிள்ளை பெரியாஸ்பத்திரியில் இருந்தது. கடைசி நாளில் இளமதி தண்ணீர் கேட்டாள். ஸ்பூனில்தான் கொடுக்கலாம் என்றார்கள். ஸ்பூனில் வாய் வைத்துக் குடிக்க என்ன இருக்கிறது. "இன்னும்" என்றாள். அன்புச்செல்வி நர்ஸைப் பார்த்தாள், நர்ஸ் வேறு பக்கம் பார்த்தார்.

நாகராசு இரண்டு ரயில் மாறி வந்து சேர்ந்தான். பிள்ளையைக் கரட்டடியில் காலனி இடுகாட்டில் புதைத்தார்கள். மறுநாள் பால் ஊற்றப் போனபோது மேடு இல்லை. மேடு இருந்த இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இறங்கி, அதன் நடுவில் கறுப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. குளிர்ந்த காற்று மேலே வந்தது. நாகராசு குப்புறப் படுத்துக் கையை விட்டான், தோள் வரைக்கும் விட்டான். எத்தனையோ ஊரில் ஓட்டை போட்டவனுக்கு இந்த ஓட்டைக்கு அடி கிடையாது என்று தெரிந்துவிட்டது. கயிறு கட்டி இறங்குகிறேன் என்று நின்றவனை நாலு பேர் பிடித்து இழுத்து வந்தார்கள். கொண்டுபோன பாலை அதற்குள்ளேயே ஊற்றினாள் அன்புச்செல்வி. கீழே பசுமாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

கார்த்திகையில் கணபதி நாற ஆரம்பித்தார். தைலமரக் காட்டில் ஊற்றியது அத்தனையும் காலனியைக் கடந்து அவருக்குள் வந்து சேர்ந்திருந்தது. வேர்வையில் நாறினார், மூச்சில் நாறினார், சந்தனத்தை அப்பிக்கொண்டால் சந்தனமும் நாறியது. மஞ்சள் வேட்டிக்காக வந்து விழுந்து கும்பிட்டவர்கள் தெருவை மாற்றிக்கொண்டு போனார்கள். ஃப்ளெக்ஸ் கிழிந்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையானது. வசந்தகுமார் லாரியை விற்றான். அப்பா நாறியதால்தான் விற்றான், பிள்ளை செத்ததால் விற்கவில்லை. இந்த வித்தியாசத்தை ஊரில் எல்லாரும் மறந்தாலும் எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளோடு திருச்சியில் வீடு பார்த்துப் போய்விட்டான். சின்னப்பிள்ளை மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரோடு இருந்தாள்.

தை பிறந்ததும் நாற்றம் விட்டது. கடைசியாக ஊற்றியது தீர்ந்துவிட்டது என்று வைத்தியர் சொன்னார். அதற்கப்புறம் ஒருநாள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், கட்டிலில் படுத்திருந்த கணபதி எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்து, ஒரு சிறுமியின் குரலில், "அம்மா, தண்ணி" என்றார்.

வருஷக்கணக்காகத் தாகம் இல்லாதவர் கேட்கிறாரே என்று சின்னப்பிள்ளை வெள்ளிச் செம்பில் கொண்டு ஓடினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். தலையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டினார். மறுநாளும் அதே நேரம், அதற்கு மறுநாளும். உதடு வெடித்து ரத்தம் வந்தது, தண்ணீருக்கு வாயைத் திறக்கவில்லை. குளுக்கோஸ் ஏற்ற ஊசி குத்தினால் கை வழியாக உள்ளே போனது கால் வழியாகத் தரையில் வடிந்தது. அப்போதுதான் சின்னப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, ஆயுசில் முதல்முறையாகக் காலனிக்குள் நடந்து வந்தாள். சிவப்புக் கோடு போட்ட பம்பு பக்கத்தில் நின்றாள்.

"அன்பு. ஒம் மக கூப்புடுறா."

அன்புச்செல்வி துணி அலசிக்கொண்டிருந்தாள். "என் மக செத்துப் போயிட்டா ஆத்தா."

"தெரியும். அவருக்குள்ள இருந்து கூப்புடுறா. நான் குடுத்தா குடிக்க மாட்டேங்குறா. 'நீ இல்ல, எங்கம்மா'ங்குறா."

காலனிப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, வேலிக்கு வெளியே நிறுத்தினவர்களுக்கு இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கேட்டாள். இன்னொருத்தி, பம்புத் தண்ணீரையே ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தனுப்பு என்றாள். சின்னப்பிள்ளை எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள்.

"அந்தாளு தாகத்துல சாகட்டும்" என்றாள் அன்புச்செல்வி. "எம் பிள்ள அப்படித்தான் செத்துச்சு."

"சாகட்டும்டி. நான் வேணாங்கல. ஆனா அவரு போனா உள்ள கெடக்குறவளும்ல போவா. ரெண்டாவது தடவ."

அன்புச்செல்வி துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். பிறகு உள்ளே போய் நாகராசுவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் போர் வண்டி இரைந்துகொண்டிருந்தது. அவன் கணபதியையும் அவர் வம்சத்தையும் வாய்க்கு வந்தபடி ஏசினான். "அந்த வாசப்படிய மிதிச்சே, நான் மனுசனா இருக்க மாட்டேன்" என்றான். பிறகு வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினான். சத்தம் நின்றது.

"நெசமாவே அவ கொரலா?"

"தெரியலங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

நாகராசு குரலைத் தணித்தான். "அவ டம்ளர எடுத்துக்கிட்டுப் போ. வேற டம்ளர்ல குடிக்க மாட்டா."

அன்புச்செல்வி தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். டாக்டரம்மா சொன்ன மாதிரி நன்றாகக் கொதிக்க விட்டு ஆறவைத்து, தூக்குவாளியில் ஊற்றி, அடி நசுங்கின எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு மேலத்தெரு வழியாக நடந்தாள். யாரும் மறிக்கவில்லை. பெரியவீட்டு முன்வாசல் வழியாக உள்ளே போனாள். கட்டிலில் கணபதி எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் டம்ளராலேயே மண்டையில் அடிக்க வேண்டும் போல அவளுக்குக் கை வந்தது. அந்த நேரம் அவர் வாய் திறந்து, "அம்மா" என்றது.

அவள் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள். "நம்ம வீட்டுப் பூன பேரு என்ன?"

"பிஸ்கட்டு."

"அதுக்கு யாரு பேரு வச்சா?"

"நாந்தான். நீ கறுப்பின்னு சொன்னே."

அதற்கு மேல் குரல் தூரமாகப் போக ஆரம்பித்தது. கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது இழுக்க இழுக்கக் குரல் கீழே கீழே போனது. "மோட்டார நிறுத்துங்க" என்று அன்புச்செல்வி கத்தினாள். சின்னப்பிள்ளை ஓடிப்போய்த் தன் கையாலேயே சுவிட்சை இறக்கினாள். குரல் திரும்பி வந்தது. அன்புச்செல்வி டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். ஆயுசு முழுக்க அண்ணாந்தே குடித்த கணபதி, காலனி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வாய் வைத்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரைக்கும் இழுத்தார். இழுத்துவிட்டு, "இன்னும்" என்றார்.

அன்றிலிருந்து அவள் தினமும் போகிறாள். கணபதி பேச்சை விட்டுவிட்டார். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்த ஒரு வேளை மட்டும் உட்காருவார். அவர் இருமினால் அவள் எழுந்துபோய் முதுகை நீவுவாள். நீவுகிறோமே என்று ஆத்திரம் வரும். அவர் கண்ணில் மஞ்சள் தட்டுகிறதா என்று ரெப்பையை இழுத்துப் பார்ப்பாள். பிள்ளையைக் கொன்றவனுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிற நிலைமை எவளுக்கும் வரக்கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொண்டு கொடுப்பாள். செத்ததால் படிப்பு நிற்க வேண்டாம் என்று மூன்றாம் வகுப்புப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறாள். எட்டாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்திருக்கிறது. ஏழில் மட்டும் தடுமாறுகிறது, உயிரோடு இருந்தபோதும் அதில்தான் தடுமாறும். வசந்தகுமார் ஒருநாள் காரில் வந்து, ஆள் பிடித்துக் கேசை முடித்துக் கொடுக்கிறேன் என்று சொன்னான். "நடக்கட்டும். நீ கூண்டுல ஏறுற வரைக்கும் நடக்கட்டும்" என்றாள். அவன் அப்பாவைப் பார்க்கக் கட்டில் பக்கம் போனபோது, அந்தக் குரல் அவனை யார் என்று கேட்டது. அதற்கப்புறம் அவன் வரவில்லை.

வாய்தா நாட்களில் அவளுடைய வழக்கை மத்தியானத்துக்குள் கூப்பிட்டுவிடுகிறார்கள். முதல் தடவை கோர்ட்டில் அவள் கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, சீக்கிரம் விட்டுட்டீங்கன்னா பஸ்ஸப் புடிச்சிருவேன். பிள்ள ஸ்கூல் விட்டு வந்து தண்ணி கேக்கும்" என்றபோது, குமாஸ்தா அவளுக்கு எத்தனை பிள்ளை என்று விசாரித்தார். ஒன்றுதான் என்றாள். அது குறிக்கப்படவில்லை.

போன ஆடிக்கு மஞ்சள் விட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் காலனிக்கே வந்து கேட்டார்கள். மழை வேறு சரியில்லை. அன்புச்செல்வி முடியாது என்றாள். ஊற்றினால் பிள்ளைக்குப் புரையேறும் என்றாள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயம்தான் என்று எழுந்து போனார்கள். காலனிக்கு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வண்டி வருகிறது. பம்பில் சிவப்புக் கோடு அப்படியே இருக்கிறது. பெரியவீட்டு மோட்டார் அந்த ஒரு வேளை நின்று, அவள் தெருமுனை தாண்டியதும் திரும்ப ஓடுகிறது. வெள்ளைக்கரட்டில் பாதி மிச்சம் இருக்கிறது, அதை உடைக்கிறார்கள். வெடி வைத்தால் தரை ஆடி, குடிக்கிற தண்ணீர் சிந்தி, பிள்ளை பயந்து அழுகிறது என்று அன்புச்செல்வி ஊர்க்கூட்டத்தில் போய் நின்று சத்தம் போட்டாள். கூட்டம் அதைப் பொறுமையாகக் கேட்டது. பேசி முடித்து, குவாரியில் வெடி வைக்கிற நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டார்கள்.